சொந்தமில்லாத ஆள் ஒருவர் தேவை

வீட்டை விட்டு நகராமல் படிப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதற்காக என் தங்கை சிப்போரா இரண்டு விமானம் மாறித் தெற்கே போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வந்தாள். வட எல்லைத் தொலைக்கல்வி நிறுவனத்தின் முதல் விதியே அதுதான். தொலைவிலிருந்து படிக்க விரும்புகிறவர்கள் முதலில் நேரில் வர வேண்டும்.

"போய் என்னத்தக் கத்துக்கிட்டு வந்த?" என்று கேட்டேன்.

"கார் நிறுத்துற எடத்தக் காட்டினாங்கண்ணே. காலைல சீக்கிரம் போனா கட்டடத்துக்குப் பக்கத்துலயே எடம் கெடைக்குமாம்."

வடக்கே வாபூஸ் ஏரி என்கிற எங்கள் ஊரிலிருந்து வெளியே போகச் சாலை கிடையாது. ஆறும் ஏரியும் இறுகிக் கிடக்கும் மாதங்களில் பனிமேல் லாரி வரும். மற்ற நாளெல்லாம் சின்ன விமானம், அதுவும் மூடுபனி மனம் வைத்தால். இதையெல்லாம் அவள் அங்கே சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள், நிறுவனத்தின் தலைவி டாக்டர் வான்ஸ்டோன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "தூரம் என்பது ஒரு மனநிலை" என்றாராம். அதே வாசகம் போட்ட காபிக் கோப்பை ஒன்றும் கொடுத்தார்கள். வரும் வழியில் விமானத்தில் அதன் காது உடைந்துவிட்டது.

நான் அமோஸ். ஊர் வானொலியைப் பார்த்துக்கொள்கிறேன். வானிலை சொல்வேன், யார் வீட்டு நாய் காணோம் என்று சொல்வேன், வாரத்தில் மூன்று மாலை பிங்கோ நடத்துவேன். எண்ணை நான் வாசிக்க, ஊரே வீட்டில் உட்கார்ந்து அட்டையில் குறிக்கும். ஊரில் ஓரளவு ஒழுங்காக இணையம் வருகிற இடம் என் அறைதான் என்பதால் சிப்போராவின் வகுப்பெல்லாம் என் முதுகுக்குப் பின்னால்தான் நடந்தது. இதில் நான் இட்டுக்கட்டியது எதுவும் இல்லை. இட்டுக்கட்டும் அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால் அவர்களே வேலைக்கு எடுத்திருப்பார்கள்.

அவள் எதற்காக இந்தக் கூத்துக்குத் தலையைக் கொடுத்தாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பதினான்கு வயதுப் பிள்ளையை விமானத்தில் ஏற்றித் தெற்கே நகரத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே முகம் தெரியாத ஒரு வீட்டில், அரசாங்கம் காட்டிய வீட்டில், அது தங்கும். எங்கள் மூன்றாவது சித்தி ஹல்தாவின் ஒரே மகன் யோவாப் அப்படித்தான் போனான். அடுத்த வசந்தத்தில் பெட்டியில் வந்தான். ஆற்றில் கிடந்தான் என்றார்கள். எப்படி ஆற்றுக்குப் போனான் என்று இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவர் ஊரிலேயே இருந்தால் ஒன்பதாம் வகுப்பு திறந்துகொள்ளலாம் என்று கல்வித்துறை சொல்லியிருந்தது. சிப்போரா பல வருடமாக அந்தப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்துகிறாள், சம்பளப் பட்டியலில் மட்டும் 'உதவியாளர்'. தகுதிக்கு ஒரே ஒரு பாடம் பாக்கி. அவள் மகள் ஜெரூஷா எட்டாம் வகுப்பில் இருந்தாள். கோடைக்குள் பாஸ் செய்தால் பெண் வீட்டிலிருந்து படிப்பாள், இல்லாவிட்டால் விமானம். இவ்வளவுதான் விஷயம். இதற்குள் தத்துவம் எதுவும் இல்லை.

அந்தப் பாக்கிப் பாடத்தின் பெயர் 'தொலைதூரச் சமூகங்களில் கற்பித்தல்: ஓர் அறிமுகம்'. நடத்தியவர் தொலைதூரச் சமூகம் எதையும் பார்த்தவரில்லை. அதை அவரே முதல் வகுப்பில் பெருமையாகச் சொன்னார், முன்முடிவு இல்லாமல் இருப்பதற்காகவாம்.

எங்கள் செயற்கைக்கோள் இணைப்பு கொஞ்ச நேரம் வரும், பிறகு அதுவே போய்விடும். நிறுவனத்தின் வகுப்பு ஒவ்வொன்றும் நன்றியோடு தொடங்கும். தாங்கள் உட்கார்ந்திருக்கும் நிலம் எந்தப் பழங்குடியினருடையது, அவர்களின் முன்னோர் யார், அதை எப்படிப் பறித்தோம், பறித்ததற்கு எவ்வளவு வருந்துகிறோம் என்று எழுந்து நின்று வாசிப்பார்கள். வகுப்பில் மாணவி ஒருத்தி. அவளைச் சுற்றி 'ஆதரவு வட்டம்' என்று ஒன்பது அதிகாரிகள். ஒவ்வொருவரும் வாசிப்பார்கள். கடைசி ஆள் உட்காரும்போது இணைப்பு போய்விடும்.

மூன்றாவது வாரம் சிப்போரா கையைத் தூக்கினாள்.

"அந்த நெலம் எங்காளுங்களோடதுதாங்க. உங்க நன்றிய நாங்க வாங்கிக்கிட்டோம். இன்னைக்கு நேரா பாடத்துக்குப் போயிரலாமா?"

திரையில் ஒன்பது முகமும் உருகிவிட்டன. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து நன்றியில் ஒரு பத்தி கூடிவிட்டது: தங்கள் நன்றியின் நீளத்தைச் சுட்டிக்காட்டிய சிப்போராவுக்கு நன்றி. அதன்பின் இணைப்பு எட்டாவது ஆளோடு போக ஆரம்பித்தது.

பாடத்தை அவள் புத்தகத்திலிருந்துதான் படித்தாள். புத்தகம் பனிச்சாலை லாரியில் வந்தது. அதில் நான்காம் அலகு, ஊர்க்காரர்களின் நம்பிக்கையைப் பெறுவது எப்படி. பிஸ்கட் கொண்டு போகவும் என்றிருந்தது. அலகின் முடிவில் ஒரு பயிற்சி: 'பழங்குடி நபர் ஒருவரை நேர்காணல் செய்க.'

சிப்போரா ஆதரவு வட்டத்துக்குப் போன் போட்டாள். நான் ஒலிபெருக்கியில் போடச் சொன்னேன், சும்மா கேட்கலாம் என்று.

"என்னையே நான் கேட்டு எழுதலாமாங்க?"

"அது நலன் முரண்பாடு ஆகும்," என்றது அந்தப் பக்கம்.

"எங்க அண்ணன் அமோஸ் பக்கத்துலதான் இருக்காரு."

"உறவினர் கூடாது. சார்புநிலை வந்துவிடும். உறவில்லாத ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்."

"ஊர்ல எல்லாருமே எனக்குச் சொந்தங்க. அம்மா வழில இல்லாதவங்க அப்பா வழி. ரெண்டுலயும் இல்லாதவங்க என் வீட்டுக்காரர் வழி."

"உங்கள் சூழலின் சவாலை நாங்கள் அங்கீகரிக்கிறோம்," என்றது. பிறகு வைத்துவிட்டது.

கடைசியில் கடை மேனேஜரைப் பேட்டி எடுத்தாள். அவன் ஸ்காட்லாந்துக்காரன், வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, ஊரில் ரொட்டி விலை ஏன் அப்படி என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பான். அவன் தன் பாட்டனார் ஆடு மேய்த்த கதையைச் சொன்னான். அப்படியே எழுதி அனுப்பினாள். முழு மதிப்பெண். ஓரத்தில் சிவப்பில் ஒரு குறிப்பு: 'பழங்குடிக் குரலின் உண்மைத்தன்மை மிகச் சிறப்பாக வெளிப்பட்டுள்ளது.'

சிப்போரா அன்று சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். "அண்ணே, பரீட்சைக்கும் இதே ரோதனதான் வரப்போவுது, பாத்துக்கிட்டே இரு," என்றாள்.

வந்தது. தேர்வை மேற்பார்வையிடுபவர் தேர்வரோடு ரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தாலோ உறவுள்ளவராக இருக்கக் கூடாது. தேர்வு நேரம் முழுவதும் அறையில் இருக்க வேண்டும். ஊரில் அப்படி யார் என்று பார்த்தோம். நர்ஸ் விடுப்பில் போயிருந்தாள். போலீஸ்காரன், சிப்போராவின் கணவன் லெவியின் தங்கையைக் கட்டியவன். மிச்சம் இருந்தது கடை மேனேஜர். அவன் அந்தக் குளிர்காலத்தில்தான் எங்கள் பெரியப்பா பேத்தியோடு குடித்தனம் வைத்திருந்தான். நேர்காணல் சமயத்தில் இல்லாத உறவு இப்போது வந்துவிட்டது. நான் வானொலியில்கூட அறிவித்துப் பார்த்தேன்: "சிப்போராவுக்குச் சொந்தமில்லாத ஆள் ஒருத்தர் வேணும், மூணு மணி நேரம் சும்மா உக்காரணும், டீ குடுப்பாங்க." ஒருத்தரும் வரவில்லை. ஏரிக்கரைக் கிழவர் ஒருவர் மட்டும் போன் செய்து, அப்படி யாராவது அகப்பட்டால் தனக்கும் சொல்லச் சொன்னார், பார்க்க வேண்டுமாம்.

ஆகவே நிறுவனம் தெற்கேயிருந்து ஒரு ஆளை அனுப்பியது. பெயர் டெரிக். தேர்வுப் பிரிவில் கடைநிலை அதிகாரி, நாற்பது வயசு இருக்கும், ஒல்லி. கையில் ஒரு சுவர்க் கடிகாரம், 'அமைதி' என்று எழுதிய அட்டை, காலில் நகரத்துச் செருப்பு. அவனை அனுப்பிய வாரம் எது தெரியுமா? காட்டுவாத்து வரும் வாரம். அந்த வாரத்தில் ஊரில் நாய்கூட இருக்காது. பள்ளிக்கூடம், அலுவலகம், கோயில் எல்லாம் பூட்டிவிட்டு எல்லோரும் ஆற்றங்கரை முகாமில் இருப்போம். எங்களுக்கு ஒரு வருடக் கறி அதில் இருக்கிறது. நிறுவனத்தின் நாள்காட்டியில் அந்த வாரத்துக்கு 'வடபகுதி மாணவர் விழிப்புணர்வு வாரம்' என்று பெயர்.

டெரிக் இறங்கிய அன்று இணைப்பு போனது. வினாத்தாள் இணைப்பில்தான் வர வேண்டும். மறுநாள் மூடுபனி, விமானமும் இல்லை. ஆளில்லாத ஊரில் அவன் பள்ளிக்கூட வாசலில் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை லெவிதான் பார்த்தான். பனிவண்டியில் பின்னால் ஏற்றி முகாமுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"எங்கருந்துய்யா இத புடிச்சிட்டு வந்த?" என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்து வாசல்ல கெடந்துச்சு. கெடந்தா செத்துரும்."

டெரிக்குக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனாலும் பேச்சு வந்தது. தான் தேர்வரோடு பழகக் கூடாது, தனியாக உட்கார ஒரு இடம் வேண்டும் என்றான். தனியாக உட்கார்ந்தால் விடிவதற்குள் விறைத்துப் போவாய் என்று லெவி சொன்னான். அவன் விதியையும் நெருப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நெருப்புப் பக்கம் நகர்ந்தான்.

ஹல்தா சித்தி அப்போது வாத்துக்கு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து போய்த் தன் கூடாரத்திலிருந்து ஒரு பனிக்கோட்டு எடுத்து வந்து அவன் தோளில் போட்டாள். பச்சைக் கோட்டு, கழுத்தில் நரித்தோல் வைத்தது. அது யோவாபின் கோட்டு. நகரத்திலிருந்து பெட்டியோடு வந்தது. சித்தி அதை வருடா வருடம் முகாமுக்குத் தூக்கி வருவாள், யாரும் தொட்டதில்லை.

"கை நீளம் சரியாத்தான் இருக்கு," என்றாள் சித்தி. "சாப்புடு மகனே. எலும்பு எண்ணலாம் போல இருக்க."

எங்கள் ஆட்களிடையே அந்தச் சொல்லைச் சும்மா விளையாட்டுக்குச் சொல்வதில்லை. சொன்னால் சொன்னதுதான். சித்திக்கு மகன் என்றால் எனக்கும் சிப்போராவுக்கும் தம்பி. ஜெரூஷாவுக்குத் தாய்மாமன். லெவிக்கு மச்சான். மச்சானைக் கிண்டல் செய்யாமலிருப்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு, லெவி அன்றைக்கே கடமையைத் தொடங்கினான்.

"என்னா மச்சான், எறக புடுங்கச் சொன்னா தடவிக் குடுத்துக்கிட்டு இருக்க? அது செத்துப்போச்சுய்யா, தூங்க வைக்க வேணாம்."

டெரிக்குக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நகரத்தில் அவனுக்கு யாரும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அப்பா அம்மா போய்விட்டார்கள், கல்யாணம் ஆகவில்லை, பக்கத்து வீட்டுக்காரனின் பெயர் தெரியாது. அந்த நிறுவனத்துக்கு இவனைவிடச் சொந்தமில்லாத ஆள் கிடைத்திருக்க முடியாது.

மூடுபனி விலகி இணைப்பு வந்ததும் ஊருக்குத் திரும்பி, பள்ளிக்கூடத்தில் தேர்வு நடந்தது. டெரிக் கடிகாரத்தை மாட்டினான், அட்டையை நிறுத்தினான், கல்லு மாதிரி உட்கார்ந்தான். சித்தி டீயும், சட்டியில் சுட்ட பானக் என்கிற எங்கள் ரொட்டியும் கொண்டுபோனதற்குக் கதவைத் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்று "நாந்தாண்டா," என்றாள். "தேர்வு நடக்கிறதும்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சித்திக்கு ரொம்பத் திருப்தி. தன் பிள்ளை நேர்மையானவன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

சிப்போரா நன்றாக எழுதியிருந்தாள். தொண்ணூற்றுச் சொச்சம் மதிப்பெண் என்று பிற்பாடு தெரிந்தது. டெரிக் நகரத்துக்குப் போய் அறிக்கை கொடுத்தான். நிறுவனத்தின் படிவத்தில் 'இப்பயணத்தில் தாங்கள் கற்றது' என்று ஒரு கட்டம் உண்டாம். நாலு வருடமாக அதில் 'இல்லை' என்று எழுதி வந்தவன் இந்த முறை எழுதினான்: 'எனக்கு ஒரு குடும்பம் கிடைத்தது. எனக்கு இப்போது அம்மா இருக்கிறார்.'

அதைப் படித்ததும் நிறுவனத்தின் நேர்மைக் குழு கூடியது.

திரையில் ஏழு முகம். என் அறையில் சிப்போரா, அவள் பக்கத்தில் ஹல்தா சித்தி, மூலையில் நான். வழக்கம்போல நன்றி. நல்லவேளையாக அன்று இணைப்பு தாங்கியது, அல்லது கெட்டவேளையாக.

"மேற்பார்வையாளரோடு உங்களுக்கு உறவு உண்டா?" என்று ஒருவர் கேட்டார்.

"அவரு வந்தப்பயா, பரீட்சை அப்பயா?"

"தேர்வு நேரத்தில்."

சிப்போரா சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் வான்ஸ்டோன் முன்னால் குனிந்தார். அந்தப் பேச்சை நான் வானொலிப் பதிவுக் கருவியில் பதிவு செய்து வைத்திருக்கிறேன், மனம் சரியில்லாத நாட்களில் போட்டுக் கேட்பேன்.

"சிப்போரா, உறவுகளை நாங்கள் மிக உயர்வாக மதிக்கிறோம். எங்கள் நிறுவனத்தின் நான்கு விழுமியங்களில் முதலாவதே உறவுதான், வாசலில் பித்தளையில் பொறித்திருக்கிறோம். ஆனால் உறவை மதிப்பது வேறு, உறவு இருப்பது வேறு. கொள்கையாக இருக்கும்வரை உறவால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆகவே ஒரு வழி யோசித்திருக்கிறோம். இது அடையாளத்துக்காகச் சொல்லப்பட்ட உறவு, உண்மையானது அல்ல என்று நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மதிப்பெண்ணை இன்றைக்கே உறுதிசெய்துவிடலாம்."

ஒரு வாக்கியம். ஒன்பதாம் வகுப்பு திறந்துவிடும். ஜெரூஷா வீட்டில் இருப்பாள். நான் சிப்போராவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவர்களுடைய பாஷை சித்திக்கு அவ்வளவாகப் புரியாது, சொன்னாலும் தெரியப் போவதில்லை.

சித்தி மடியில் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தன் மகன் வேலை செய்கிற இடத்துக்காரர்கள் என்று அவளுக்கு மரியாதை.

"அவன் என் தம்பி," என்றாள் சிப்போரா.

"சட்டப்படியா, உணர்வுப்படியா?"

"எங்க சித்தி மகன். அதுக்கு மேல எங்ககிட்ட வேற படி இல்லைங்க."

தேர்வு ரத்தானது. அடுத்த வருடம் மறுபடி எழுதலாம், புத்தாக்கப் பயிற்சிக்கு நேரில் வந்த பிறகு. டெரிக்கைத் தேர்வுப் பிரிவிலிருந்து எடுத்து நாற்காலி, மேசை, ஒலிவாங்கி பார்க்கும் வேலைக்குப் போட்டார்கள்.

கோடை முடிவில் ஜெரூஷா விமானம் ஏறினாள். சிப்போரா ஓடுபாதையில் நின்று கையாட்டினாள், விமானம் மறைந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள். லெவி பனிவண்டி இன்ஜினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தான். கோடையில் பனிவண்டிக்கு என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பெண் வாரம் ஒருமுறை என் அறைக்குப் போன் செய்வாள். தங்கியிருந்த வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்குப் பூட்டு உண்டாம், நிலவறையில் படுக்கையாம். அழுததில்லை. "இங்க யாரும் கதவத் தட்டாம உள்ள வரமாட்டாங்கம்மா," என்றாள் ஒரு நாள். "தட்டவும் யாரும் வர்றதில்ல." எங்கள் ஊரில் கதவைத் தட்டுகிறவன் போலீஸ்காரன் மட்டும்தான். அன்று நான் பிங்கோவில் ஒரே எண்ணை இரண்டு முறை வாசித்துவிட்டேன். சண்டையாகிவிட்டது.

முதல் பனி விழுந்த பிறகு நிறுவனத்திடமிருந்து அழைப்பு வந்தது. அவர்களுடைய ஆண்டு மாநாடு, தலைப்பு 'வீடே வகுப்பறை'. சிப்போராவுக்கு 'விடாமுயற்சி விருது'. விமானச் செலவு அவர்களுடையது. கூடவே பாரம்பரிய மேளம் வாசிப்பவர் ஒருவரையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். எனக்கு மேளம் வராது, பிங்கோ எண்தான் வாசிப்பேன் என்று எழுதினேன். உங்கள் பண்பாட்டின் பன்முகத்தன்மையை வரவேற்கிறோம் என்று பதில் வந்தது. கிளம்பினேன்.

"எதுக்குப் போறன்னு தெரியும்ல?" என்றேன் விமானத்தில்.

"எம்பொண்ணப் பாக்கப் போறேன்," என்றாள். "அவங்க காசுல." பையைத் திறந்து பேனா இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

மாநாட்டு மண்டபத்தில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். பேராசிரியர்கள், கல்வித்துறை ஆட்கள், நிதி தருகிறவர்கள். நாற்காலி ஒழுங்கு செய்துகொண்டிருந்தவன் யோவாபின் கோட்டைப் போட்டிருந்தான், உள்ளே கதகதப்பாக இருந்தும். சிப்போரா போய் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். டாக்டர் வான்ஸ்டோன் மேடையில் பேசினார்.

"நண்பர்களே, பெருமையோடு சொல்கிறேன், எங்களிடம் சேர்ந்த வடபகுதி மாணவர்களில் ஒருவர்கூட இன்றுவரை எங்களை விட்டு வெளியே போனதில்லை. படிப்பை முடித்து அவசரமாகக் கிளம்பிவிடும் கலாச்சாரத்துக்கு நாங்கள் எதிரானவர்கள். சிப்போராவைப் பாருங்கள். இவர் எத்தனையோ ஆண்டுகளாக எங்கள் மாணவி. இன்னும் பல ஆண்டுகள் இருப்பார்."

கைதட்டல் ஓய்ந்ததும் சிப்போரா ஒலிவாங்கியை வாங்கினாள்.

"வணக்கங்க. இங்க எனக்கு ரத்தத்தாலயோ, கல்யாணத்தாலயோ, தத்தாலயோ சொந்தமில்லாதவங்க கையத் தூக்குங்க."

எல்லோரும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். டெரிக் தூக்கவில்லை. நானும், அம்மாவைப் பார்க்க வந்து வாசல் பக்கம் நின்றிருந்த ஜெரூஷாவும் தூக்கவில்லை.

"நல்லதுங்க. எங்கூர்ல ஒருத்தரு கெடைக்கல, இங்க இருநூறு பேரு இருக்கீங்க. கேள்வித்தாளக் கொண்டாரச் சொல்லுங்கம்மா, நான் இப்பவே எழுதிடறேன். மூணு மணி நேரந்தான்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. இது எங்களுடைய சடங்கு ஏதோ என்று நினைத்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன். ஒரு பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். நிதி தருகிறவர்கள் முன்வரிசையில் படம் எடுத்தார்கள். டாக்டர் வான்ஸ்டோனின் முகம் மட்டும் பால் திரிந்த மாதிரி இருந்தது, ஆனால் அவரும் கைதட்ட வேண்டியிருந்தது. மேல்மாடியிலிருந்து புது வினாத்தாள் வந்தது. டெரிக் மேடையில் ஒரு மேசை போட்டான், நாற்காலி மேசை அவன் பொறுப்பு என்பதால் உள்ளேயே தங்கிவிட்டான். நாங்கள் சொந்தக்காரர்கள் என்பதால் நானும் ஜெரூஷாவும் விதிப்படி வெளியே போய்க் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

சிப்போரா எழுத ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம் பயபக்தியாகப் பார்த்தார்கள். அப்புறம் போனை எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து அறையில் 'வடதேச விருந்து' தயார் என்று யாரோ வந்து காதில் சொன்னார்கள். முன்வரிசை நைசாக எழுந்தது. அதைப் பார்த்து நடுவரிசை எழுந்தது. சத்தம் வராமல் நுனிக்காலில் போனார்கள், அதில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்று ஜெரூஷா சொன்னாள்.

மூன்று மணி நேரம் முடிந்தபோது மண்டபத்தில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலி. பின்வரிசையில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான், பச்சைக் கோட்டோடு, கண் கொட்டாமல், சாப்பிடாமல்.

முடிவு கடிதமாக வந்தது. அதை நான் வானொலியில் வாசித்தேன். தேர்வு நேரம் முழுவதும் மண்டபத்தில் இருந்த மேற்பார்வையாளர் ஒருவரே என்பது கேமராப் பதிவில் உறுதியாகிறது. அவர் திரு. டெரிக். அவர் தேர்வரின் உடன்பிறந்தவருக்குச் சமமான நெருங்கிய உறவினர் என்பதை நிறுவனத்தின் நேர்மைக் குழு முழுமையாக விசாரித்து ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளது. ஆகவே தேர்வு செல்லாது. கையொப்பம் டாக்டர் வான்ஸ்டோன், கீழே பொன்னிற முத்திரை.

ஹல்தா சித்தி உடனே போன் செய்தாள். "அத்தன பேருல அவன் ஒருத்தன்தான் இருந்தானா?"

"ஆமா சித்தி."

"சாப்புட்டானா?"

"இல்ல."

"இந்தக் கிறுக்கன எப்படித் திருத்தறதுன்னே தெரியல," என்றாள். குரலில் கோபமே இல்லை.

சிப்போரா கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி இரண்டு முறை படித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். "அண்ணே, பிள்ளைங்க தங்குற வீட்ட மாத்தறதுக்கு என்ன விதி?" என்றாள்.

விதி எனக்கு மனப்பாடம், எத்தனை பெற்றோர் என் அறையிலிருந்து கெஞ்சியிருக்கிறார்கள். நகரத்தில் நெருங்கிய உறவினர் இருந்தால் பிள்ளை அங்கே தங்கலாம். உறவுக்கு அரசு ஏற்கும் ஆதாரம் வேண்டும். எங்களில் யாருக்கும் அதுவரை நகரத்தில் உறவும் கிடையாது, ஆதாரமும் கிடையாது. அந்தக் கடிதத்தை அப்படியே அரசாங்கத்தின் தங்குமிட அலுவலகத்துக்கு அனுப்பினோம். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பொன்னிற முத்திரை, டாக்டர் கையொப்பம், ஐயத்துக்கிடமின்றி என்ற சொல். அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜெரூஷா ஒரு சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாமன் வீட்டுக்குப் போனாள். அன்று மாலை போன் வந்தது.

"கதவத் தட்டலம்மா. நேரா உள்ள போயிட்டேன்."

"மாமா என்ன சொன்னான்?"

"பயந்துட்டாரு. அப்புறம் டீ போட்டாரு. கேவலமா இருந்துச்சு, குடிச்சிட்டேன்."

ஒன்பதாம் வகுப்பு எங்கள் ஊரில் இன்னும் திறக்கவில்லை. மற்ற பிள்ளைகள் இன்னும் விமானம் ஏறுகிறார்கள். சிப்போரா அடுத்த முறைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், அவர்கள் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வட எல்லைத் தொலைக்கல்வி நிறுவனம் வாபூஸ் ஏரிக்கு இதுவரை கொடுத்தவற்றில் செல்லுபடியான சான்றிதழ் அந்த ஒரு கடிதம்தான். ஹல்தா சித்தி அதற்குக் கண்ணாடி போட்டு, யோவாபின் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறாள்.